கார்ல் குஸ்டாப் எமில் மன்னர்ஹைம்

கார்ல் குஸ்டாப் எமில் மன்னர்ஹைம் (ஜூன் 4, 1867 – ஜனவரி 27, 1951) பின்லாந்து நாட்டின் படைத்தளபதியும் அரசியல் தலைவரும் ஆவார். 1918இல் நடந்த உள்நாட்டுப் போரில் அரசுப் படைகளுக்கும், சோவியத் ஒன்றியத்துடன் 1939–1940, 1941–1944 ஆண்டுகளில் நடந்த இரு போர்களில் பின்லாந்துப் படைகளுக்கும் தலைமை தாங்கினார். 1944 முதல் 1946 வரை பின்லாந்தின் ஆறாவது குடியரசுத் தலைவராகப் பதவி வகித்தார். அதற்கு முன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ரஷ்யப் பேரரசரின் படையில் அதிகாரியாக இருந்தவர் என்பது இவரது வாழ்வின் குறிப்பிடத்தக்க முரண்பாடாகும். பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே நெடுங்காலம் பூசலுக்கு உள்ளான கரேலியா என்னும் எல்லைநிலத்தின் வரலாற்றிலிருந்து இவரது வாழ்க்கையைப் பிரித்துக் கூற இயலாது.

கரேலியா

கரேலியா என்பது பின்லாந்து வளைகுடாவில் இருந்து லடோகா, ஒனேகா ஏரிகளைக் கடந்து வெண்கடல் வரை பரந்துள்ள காடுகளும் ஏரிகளும் நிறைந்த நிலப்பகுதியாகும். இதை ஒரே நிலமாகக் கருதுவது குழப்பத்துக்கு இடமளிக்கும். மேற்குப் பகுதியில் வீபுரி நகரமும், வளைகுடாவுக்கும் லடோகா ஏரிக்கும் இடைப்பட்ட கரேலியப் பூசந்தியும் அடங்கும். 1812இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் இப்பகுதியைத் தமது ஆட்சிக்கு உட்பட்டிருந்த பின்லாந்துப் பெருங்கோமகவுடன் இணைத்தார். அன்று அது ஒரே பேரரசுக்குள் வரையப்பட்ட நிர்வாகக் கோடு மட்டுமே. நூறாண்டு கழித்துப் பின்லாந்து தனி நாடானபோது, அதே கோடு ரஷ்யாவின் தலைநகராக இருந்த பெத்ரோகிராத்துக்கு (பின்னாளில் லெனின்கிராத்) வெறும் 32 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த பன்னாட்டு எல்லையாயிற்று. பிற்காலப் பூசலின் வேர் இங்குதான் உள்ளது.

கிழக்குக் கரேலியாவோ பின்லாந்தின் பகுதியாக ஒருபோதும் இருந்ததில்லை. அங்கு வாழ்ந்த கரேலியர் பின்னிய மொழிக்கு மிக நெருங்கிய மொழியைப் பேசினர். சமயத்தால் பெரும்பாலும் மரபுவழிக் கிறித்தவர். மொழியுறவைக் காரணம் காட்டி அந்நிலத்தையும் இணைக்க வேண்டும் என்ற எண்ணம் பின்லாந்தின் தேசியவாதிகளிடையே வலுவாக இருந்தது.

பிறப்பும் இளமையும்

மன்னர்ஹைம் பின்லாந்தின் தென்மேற்கே அஸ்கைனென் என்னும் ஊரில் உள்ள லூகிசாரி மாளிகையில், சுவீடிய மொழி பேசும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். இவரது பாட்டனார் வீபுரி மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர்; பூச்சியியல் அறிஞராகவும் பெயர் பெற்றவர். தந்தை கடனில் மூழ்கி 1880இல் குடும்பத்தைக் கைவிட்டுப் பாரிசுக்குச் சென்றார். அடுத்த ஆண்டே தாயும் இறந்தார். உறவினர் ஆதரவில் வளர்ந்த இவர், ஹமினா நகரின் படைப்பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒழுங்கை மீறியதற்காக 1886இல் வெளியேற்றப்பட்டார். பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள நிக்கொலாய் குதிரைப்படைப் பள்ளியில் சேர்ந்து 1889இல் தேர்ச்சி பெற்றார்.

இவரது தாய்மொழி சுவீடியம். ரஷ்யம், பிரெஞ்சு மொழிகளைச் சரளமாகப் பேசினார். பின்னிய மொழியை நடுவயதுக்குப் பின்னரே ஓரளவு கற்றார் என்பது, அந்நாட்டின் சின்னமாகவே மாறிய ஒருவரைப் பொறுத்தவரை வியப்புக்குரிய செய்தியாகும்.

ரஷ்யப் படையில்

1891இல் பேரரசியின் மெய்க்காவல் குதிரைப்படையில் இடம் பெற்றார். 1892இல் அனஸ்தாசியா அராபொவா என்ற ரஷ்யச் சீமாட்டியை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகள்கள் பிறந்தனர். பின்னர் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தனர். 1919இல் மணமுறிவு பெற்றனர். 1896இல் இரண்டாம் நிக்கொலாயின் முடிசூட்டு விழா ஊர்வலத்தில் பேரரசருக்கு அருகில் நடந்து சென்ற காவல் அதிகாரிகளுள் இவரும் ஒருவர்.

1904–1905 ரஷ்ய-ஜப்பானியப் போரில் பங்கேற்றுக் கர்னல் ஆனார். 1906 முதல் 1908 வரை துருக்கிஸ்தானில் இருந்து பீக்கிங் வரை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் குதிரையில் பயணம் செய்தார். வெளிப்பார்வைக்கு இது அறிவியல் ஆய்வுப் பயணம். உண்மையில் ரஷ்யப் படைத்தலைமைக்காக உளவுத் தகவல் திரட்டும் பணி. எனினும் இவர் கொண்டு வந்த ஒளிப்படங்களும் இனவரைவியல் சேகரிப்புகளும் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. இப்பயணத்தில் வூத்தாய் மலையில் 13ஆம் தலாய் லாமாவைச் சந்தித்து, அவருக்குத் தம் கைத்துப்பாக்கியைப் பரிசளித்தார்.

முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படைகளுக்கு எதிராகப் போரிட்டு லெப்டினன்ட் ஜெனரல் தகுதியை அடைந்தார். 1917 புரட்சிக்குப் பின் பொறுப்பில் இருந்து நீக்கப்பட்டு, டிசம்பர் மாதம் விடுதலை பெற்ற தாயகத்துக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 50.

உள்நாட்டுப் போரும் வாளுறை ஆணையும்

1918 ஜனவரியில் பின்லாந்தின் அரசு இவரைத் தலைமைத் தளபதியாக நியமித்தது. அம்மாத இறுதியில், தொழிலாளர் இயக்கத்தின் செங்காவலர்களுக்கும் அரசின் வெண்படையினருக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. வாசா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மன்னர்ஹைம், ஏப்ரல் தொடக்கத்தில் தம்பெரே நகரையும், ஏப்ரல் 29இல் வீபுரியையும் கைப்பற்றினார்.

இப்போரின் நடுவே, பிப்ரவரி 23 அன்று, கரேலியப் பூசந்தியில் உள்ள அந்திரேயா என்னும் ஊரின் தொடர்வண்டி நிலையத்தில் இவர் ஒரு படையாணை வெளியிட்டார். லெனினுடைய படையினர் பின்லாந்தில் இருந்து மட்டுமன்றிக் கிழக்குக் கரேலியாவில் இருந்தும் விரட்டப்படும் வரை தமது வாளை உறையில் இடப்போவதில்லை என்பது அதன் உள்ளடக்கம். வரலாற்றில் இது வாளுறை ஆணை என்று பெயர் பெற்றது. உள்நாட்டுப் போரை நடத்திக்கொண்டிருந்த தளபதி ஒருவர், தம் நாட்டுக்கு உரிமையில்லாத நிலத்தைப் பற்றிச் சூளுரைத்தது அன்றைய வேகத்தில் பெரிதாகப் படவில்லை. ஆனால் 23 ஆண்டுகளுக்குப் பின் அச்சூளுரை மீண்டும் தலைதூக்கியது.

உள்நாட்டுப் போரிலும் அதன் பின்விளைவுகளிலும் 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் தோல்வியுற்ற தரப்பினர். 12,000க்கும் மேற்பட்டோர் சிறைமுகாம்களில் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். வீபுரி வீழ்ந்தபின், போரில் தொடர்பில்லாத ரஷ்யர் நூற்றுக்கணக்கானோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதனால் தொழிலாளர் குடும்பங்களில் மன்னர்ஹைமின் பெயர் நெடுங்காலம் வெறுப்புடனேயே நினைக்கப்பட்டது.

அரசு ஜெர்மனியைச் சார்ந்து நின்றதை ஏற்காத இவர் 1918 மே இறுதியில் பதவி விலகினார். ஜெர்மனி தோற்றபின் மீண்டும் அழைக்கப்பட்டு, டிசம்பர் 1918 முதல் ஜூலை 1919 வரை அரசப் பிரதிநிதியாக நாட்டை ஆண்டார். முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் கே. ஜே. ஸ்டால்பெரியிடம் 50க்கு 143 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். 1920 அக்டோபரில் கையெழுத்தான தார்த்து உடன்படிக்கையின்படி கிழக்குக் கரேலியா சோவியத் ரஷ்யாவிடமே இருந்தது.

இடைக்காலம்

அடுத்த பத்தாண்டுகளைக் குழந்தைகள் நலச் சங்கப் பணியிலும் செஞ்சிலுவைப் பணியிலும் வேட்டையிலும் கழித்தார். புலி வேட்டைக்காக இந்தியாவுக்கும் வந்துள்ளார். 1931இல் பாதுகாப்பு அவையின் தலைவரானார். 1933இல் பீல்டு மார்ஷல் பட்டம் பெற்றார். கரேலியப் பூசந்தியின் குறுக்கே அமைந்த அரண் வரிசை பின்னாளில் மன்னர்ஹைம் கோடு என உலகெங்கும் அறியப்பட்டது. இப்பெயர் போர்க்காலச் செய்தியாளர்களால் பரவியது. போதிய நிதியின்றி விட்டுவிட்டுக் கட்டப்பட்ட இவ்வரண்கள், செய்தித்தாள்கள் வருணித்த அளவுக்கு வலிமையுள்ளவை அல்ல.

1939 பேச்சுவார்த்தை

1939 இலையுதிர் காலத்தில் சோவியத் ஒன்றியம், லெனின்கிராத்தின் பாதுகாப்புக்காகப் பூசந்தியில் எல்லையைப் பின்னுக்கு நகர்த்துமாறும், வளைகுடாத் தீவுகளையும் ஹாங்கோ முனையையும் தருமாறும் கேட்டது. ஈடாகக் கிழக்குக் கரேலியாவில் இரு மடங்கு பரப்புள்ள நிலத்தைத் தர முன்வந்தது. வெளியுறவு அமைச்சர் எல்யாஸ் எர்க்கோ உள்ளிட்டோர் எதையும் விட்டுக்கொடுக்க மறுத்தனர். மாஸ்கோவுக்குத் தூது சென்ற பாசிகிவியும் மன்னர்ஹைமும் மட்டும் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என வாதிட்டனர். இந்நிலைப்பாட்டுக்கு அச்சம் காரணமன்று. ரஷ்யப் படையின் அளவை உள்ளிருந்து அறிந்தவர் அவர். தம் படையிடம் குண்டுகளும் தகரி எதிர்ப்புத் துப்பாக்கிகளும் எவ்வளவு குறைவு என்பதையும் அறிந்தவர். பேரரசின் தலைநகரை ஒட்டி அமைந்த எல்லை ரஷ்யருக்கு ஏன் உறுத்துகிறது என்பதைப் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த ஒருவர் புரிந்துகொண்டதிலும் வியப்பில்லை. இவரது அறிவுரை ஏற்கப்படவில்லை. நவம்பர் 27 அன்று பதவி விலகல் கடிதம் அளித்தார். மூன்று நாட்களில் போர் தொடங்கியது.

குளிர்காலப் போர்

நவம்பர் 30, 1939 அன்று சோவியத் படைகள் எல்லையைக் கடந்தன. 72 வயதான மன்னர்ஹைம் தலைமைத் தளபதி பொறுப்பை ஏற்று, மிக்கேலி நகரில் தலைமையகம் அமைத்தார். தொல்வயார்வி, சுவோமுசல்மி ஆகிய இடங்களில் பின்னியர் பெற்ற வெற்றிகள் உலகை வியக்க வைத்தன. ஆயினும் 1940 பிப்ரவரியில் சும்மா பகுதியில் அரண் வரிசை உடைந்தது. படை முற்றிலும் சிதைவதற்குள் சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்று அரசுக்கு அறிவுறுத்தியவர்களுள் மன்னர்ஹைம் முதன்மையானவர்.

105 நாள் போர் மார்ச் 13, 1940 அன்று முடிந்தது. பின்லாந்தின் தரப்பில் சுமார் 25,000 பேரும், சோவியத் தரப்பில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரும் இறந்தனர். வீபுரியும் பூசந்தி முழுவதும் லடோகாவின் வடகரையும் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றன. சோவியத் படை போரில் கைப்பற்றாத ஊர்களும் இதில் அடங்கும். 4,00,000க்கும் மேற்பட்ட கரேலிய மக்கள், அதாவது நாட்டு மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினர், வீடுகளை விட்டு மேற்கே இடம்பெயர்ந்தனர். முந்தைய இலையுதிர் காலத்தில் கேட்கப்பட்டதைவிட இழந்த நிலம் பன்மடங்கு மிகுதி.

தொடர் போர்

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதைத் தொடர்ந்து பின்லாந்தும் போரில் இறங்கியது. இழந்ததை மீட்கும் தனிப்போர் இது என்றே பின்லாந்து அரசு கூறிவந்தது. ஆனால் ஜூலை 10 அன்று மன்னர்ஹைம், 1918ஆம் ஆண்டுச் சூளுரையை நினைவூட்டிக் கிழக்குக் கரேலியாவின் விடுதலையை அறிவிக்கும் படையாணையை வெளியிட்டார். அரசு தலைவர்கள் பலருக்கு இது அதிர்ச்சியளித்தது. சமூக சனநாயகக் கட்சியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தற்காப்புப் போர் என்ற வாதத்தை நாட்டின் தளபதியே பலவீனப்படுத்திவிட்டார். 1939இல் அனைவரையும்விட நிதானமாக இருந்தவர் இவ்வாணையை ஏன் வெளியிட்டார் என்பது இன்றும் வரலாற்றாசிரியர்களிடையே விவாதத்துக்கு உரியது.

ஆகஸ்ட் 29 அன்று வீபுரி மீட்கப்பட்டது. படைகள் பழைய எல்லையோடு நிற்கவில்லை. சிவிர் ஆறு வரை சென்று, அக்டோபர் 1 அன்று பெத்ரோசவோத்ஸ்க் நகரைக் கைப்பற்றின. பழைய எல்லையைக் கடக்க மறுத்த போர்வீரர்களும் இருந்தனர். கிழக்குக் கரேலியாவில் உறவினர் எனக் கருதப்பட்ட கரேலியர் ஒருவிதமாகவும், ரஷ்யர் வேறுவிதமாகவும் நடத்தப்பட்டனர். ரஷ்யக் குடிமக்கள் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 4,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் 1942ஆம் ஆண்டின் பஞ்சத்தில், அங்கு இறந்தனர். மன்னர்ஹைமின் ஆணையின்பேரில் அமைந்த முகாம்கள் இவை.

மறுபுறம், லெனின்கிராத்தைத் தாக்குமாறு ஜெர்மானியர் வற்புறுத்தியதை மன்னர்ஹைம் ஏற்கவில்லை. பூசந்தியில் படைகளைப் பழைய எல்லையை ஒட்டியே நிறுத்தினார். ஆயினும் அந்நிலை நகரின் வடபுற முற்றுகையாகவும் அமைந்தது என்பதை மறுக்க இயலாது. ஜூன் 4, 1942 அன்று இவரது 75ஆம் பிறந்தநாளுக்கு ஹிட்லர் நேரில் வந்தார். ஹிட்லர் இயல்பான குரலில் உரையாடியதை வானொலிப் பொறியாளர் ஒருவர் மறைவாகப் பதிவு செய்தார். சுமார் 11 நிமிட அப்பதிவு இன்றும் உள்ளது.

1944 ஜூன் 9 அன்று தொடங்கிய சோவியத் பெருந்தாக்குதலில் வீபுரி ஜூன் 20 அன்று ஒரே நாளில் வீழ்ந்தது. தாலி-இகாந்தலா சமரில் தாக்குதல் தடுத்து நிறுத்தப்பட்டது. ஜெர்மானிய ஆயுத உதவிக்காகக் குடியரசுத் தலைவர் ரிசுதோ ரியூத்தி, தனித்துச் சமாதானம் செய்வதில்லை என்று தம் சொந்தப் பெயரில் உறுதிக் கடிதம் அளித்திருந்தார். அவர் விலகியதும் ஆகஸ்ட் 4 அன்று மன்னர்ஹைம் குடியரசுத் தலைவரானார். முன்னவரின் உறுதிமொழி புதியவரைக் கட்டுப்படுத்தாது என்பதே இம்மாற்றத்தின் நோக்கம். செப்டம்பர் 19 அன்று மாஸ்கோவில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1940ஆம் ஆண்டு எல்லை மீண்டும் வந்தது. வடக்கே பெத்சாமோவும் பறிபோனது. 1941க்குப் பின் ஊர் திரும்பி வீடுகளைச் செப்பனிட்டிருந்த சுமார் 2,80,000 கரேலியர் இரண்டாம் முறையாக வெளியேறினர். கரேலியாவைப் பற்றிச் சூளுரைத்தவரின் ஆட்சியிலேயே கரேலியா கைவிடப்பட்டது. நாட்டின் விடுதலை மட்டும் எஞ்சியது.

இறுதிக்காலம்

போருக்குப் பொறுப்பானவர்கள் எனப் பின்லாந்தின் தலைவர்கள் எண்மர் மீது 1945–1946இல் வழக்கு நடந்தது. மன்னர்ஹைம் மீது குற்றம் சாட்டப்படவில்லை. உடல்நலக் குறைவால் மார்ச் 1946இல் பதவி விலகினார். பின்னர் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ அருகே உள்ள வால்மோன் மருத்துவ விடுதியில் தங்கித் தம் நினைவுக் குறிப்புகளை எழுதினார். ஜனவரி 27, 1951 அன்று லொசான் நகரில் காலமானார். உடல் ஹெல்சிங்கியின் ஹியெத்தனியெமி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

ஹெல்சிங்கியின் நடுவே இவரது குதிரைவீரர் சிலை 1960இல் திறக்கப்பட்டது. இவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. இரண்டாம் நிக்கொலாய் பேரரசரின் ஒளிப்படத்தை அவ்வீட்டில் இறுதிவரை அகற்றாமல் வைத்திருந்தார். தம்பெரேயில் உள்ள சிலை மீது, 1918இன் நினைவாகச் சிலர் அவ்வப்போது சிவப்புச் சாயம் பூசிச் செல்வதுண்டு. 2004இல் நடந்த தொலைக்காட்சி வாக்கெடுப்பில் மிகச்சிறந்த பின்னியராக மன்னர்ஹைம் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜூன் 2016இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ரஷ்யத் தளபதியாக இவர் ஆற்றிய பணிக்காக ஒரு நினைவுப் பலகை நிறுவப்பட்டது. லெனின்கிராத் முற்றுகையை மறவாத நகரவாசிகளிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. பலகை மீது பலமுறை சாயம் வீசப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பலகை அகற்றப்பட்டு, சார்ஸ்கோயே செலோவில் உள்ள அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது.