ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்

பழனி மலையில் கொடைக்கானலுக்கு அப்பால் கூக்கால் என்னும் ஊர் உளது. ஏரியும் படிப்படியாய் அமைந்த வயல்களும் சூழ்ந்த அத்தகைய ஊரில், இரவு ஓசையடங்கியபின் ஓர் இளைஞன் மின்கிதார் மீட்டிப் பழக விரும்பின், பிறர் உறக்கங் கெடாதிருத்தற்கு யாது செய்வான்? ஆம்பிளிபையரிலிருந்து ஸ்பீக்கரை நீக்கி, அதனிடத்தில் டம்மி லோடு எனப்படும் பெரிய மின்தடையொன்றை இணைப்பான். ஸ்பீக்கரை வெறுமனே கழற்றிவிடலாகாது. வால்வு ஆம்பிளிபையரைச் சுமையின்றி இயக்கின், அதன் டிரான்ஸ்பார்மரில் மிகையான மின்னழுத்தம் எழுந்து அதனைக் கெடுத்துவிடக்கூடும். தடையை இணைத்தபின் ஆம்பிளிபையர் முழு ஆற்றலோடும் உழைக்கும், ஓசையோ எழாது. அங்ஙனமாயின் அவ்வாற்றல் எங்குச் சென்றது? இவ்வினாவிற்கு அளவிட்டு விடை கண்டவர் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜூல் 1818-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ம் நாள், மான்செஸ்டரை அடுத்த ஸால்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் பீர் வடிக்கும் ஆலையை உடைய செல்வர். இளமையில் உடல் நலிவுற்றிருந்தமையால் ஜூல் இல்லத்திலேயே கல்வி பயின்றார். அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் அவருக்கும் அவர் தமையனாருக்கும் ஆசிரியராய் அமைந்தார். பல்கலைக்கழகம் எதிலும் அவர் பயின்றாரல்லர். பகலில் ஆலையை மேற்பார்த்து, ஒழிந்த வேளையில் ஆராய்ச்சி செய்தார்.

ஆலையின் நீராவி எந்திரத்திற்குப் பதிலாக மின்மோட்டாரைப் பயன்படுத்தலாகுமோ என்னும் எண்ணமே அவரை ஆராய்ச்சியிற் புகுத்திற்று. 1840-ம் ஆண்டில் அவர் கம்பிச்சுருளொன்றை நீரில் அமிழ்த்தி, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தி, நீர் எவ்வளவு சூடேறுகின்றதென அளந்தார். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கிய அளவிற்கு ஏற்ப வெப்பம் உண்டாகும் என்பது அவர் கண்ட விதி.

டம்மி லோடு அமைப்போர்க்கு இவ்விதியே வழிகாட்டி. 50 வாட் ஆம்பிளிபையர் 8 ஓம் தடையில் 2.5 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். 2.5-இன் வர்க்கத்தை 8-ஆற் பெருக்க 50 வரும். அவ்வைம்பது வாட்டும் ஓசையாகாது முற்றும் வெப்பமாய் வெளிப்படும். கிதாரின் ஒலி முறுகி முரலுமாறு வாசிக்குங்கால் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகவுங்கூடும். ஆதலின் 100 வாட்டுக்குக் குறையாது தாங்கும் தடையைத் தேர்ந்து, வெப்பத்தைக் காற்றில் பரப்பும் அலுமினியத் தகட்டில் இறுகப் பொருத்துதல் வேண்டும். சிறிய தடையாயின் கரிந்துவிடும். அப்பெரிய தடையின் இரு முனைகளுக்கிடையே 20 வோல்ட் நிற்கும். 1,800 ஓம் தடையொன்றையும் 100 ஓம் தடையொன்றையும் தொடராக இணைத்து அம்முனைகளிற் பூட்டினால், 100 ஓம் தடையின்மீது ஏறக்குறைய 1 வோல்ட் கிடைக்கும். இதுவே லைன் அவுட்புட். இதனை ஒலிப்பதிவுக் கருவிக்கு அனுப்பி, ஹெட்போன் வழியே கேட்கலாம். இச்சிறு தடைகளிற் செல்லும் மின்னோட்டம் மிகக் குறைவாதலின், 1,800 ஓம் தடையிலும் 0.2 வாட் அளவே வெப்பமாகும்.

இத்துணைப் பயனுடைய உண்மையைக் கண்டவரை அக்காலத்து அறிஞர் எளிதில் ஏற்றுக்கொண்டிலர். லண்டன் ராயல் சொஸைட்டி அவர் விடுத்த கட்டுரையின் சுருக்கத்தை மாத்திரமே வெளியிட்டது. வெப்பம் என்பது ஆக்கவும் அழிக்கவும் இயலாத ஒருவகைத் திரவம் எனப் பலர் நம்பியிருந்தனர். உழைப்பே வெப்பமாக மாறும் என்று ஜூல் 1843-ம் ஆண்டு கார்க் நகரத்துப் பேரவையில் உரைத்தபோது, கேட்டோர் வாளாவிருந்தனர். 1844-ல் அவரது மற்றொரு கட்டுரையை ராயல் சொஸைட்டி மறுத்தது. அவர் மனந்தளராது, கீழிறங்கும் எடைகளால் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி நீரைக் கலக்கி, அதனாலெழும் வெப்பத்தை மீண்டும் மீண்டும் அளந்தார். 1847-ல் ஆக்ஸ்போர்டில் கூடிய பேரவையிலும் சுருங்கப் பேசுமாறே அவருக்குக் கட்டளை பிறந்தது. எனினும் ஆங்கிருந்த வில்லியம் தாம்சன் என்னும் இளம் பேராசிரியர் அவருரையின் அருமையை உணர்ந்தார்.

அவ்வாண்டிலேயே ஜூல் அமேலியா கிரைம்ஸ் என்னும் நங்கையை மணந்து, ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சென்றார். ஆங்கும் அருவி வீழ்ந்து அடையும் வெப்பத்தை அறிய அவர் வெப்பமானியோடு திரிந்தாரெனத் தாம்சன் பிற்காலத்திற் கூறினார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடேற்ற 772 அடி-பவுண்டு உழைப்பு வேண்டும் என்பது 1850-ல் வெளியான ஜூலின் முடிவு. இக்கணக்கின்படி, ஏறக்குறைய 180 அடி உயரமுள்ள நம் கொடைக்கானல் வெள்ளி நீர்வீழ்ச்சியின் நீரும், வீழ்ந்த ஆற்றல் முழுவதும் அதனிடத்தே தங்கின், கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடேறும்.

1850-ல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1870-ல் காப்ளி பதக்கம் அளித்தது. ஆயின் 1854-ல் மனைவியார் இறந்தார். பின்னாளிற் செல்வமும் சுருங்கிற்று. 1878-ல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உதவிப்பொருள் வழங்கிற்று. 1889-ம் ஆண்டு அக்டோபர் 11-ம் நாள் ஸேல் என்னும் ஊரில் அவர் இறைவனடி சேர்ந்தார். ஆற்றலை அளக்கும் அலகு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 50 வாட் டம்மி லோடு ஒவ்வொரு விநாடியும் 50 ஜூல் ஆற்றலை வெப்பமாக்குகின்றது.

அவர் கல்லறையில் இரண்டு பொறிக்கப்பட்டுள. ஒன்று, அவர் 1878-ல் திருந்த அளந்து கண்ட 772.55 என்னும் எண். மற்றொன்று, பகலுள்ளபோதே உழைத்தலைப் பற்றிய யோவான் சுவிசேஷ வசனம். பட்டமும் பதவியுமின்றி, கேட்பாரற்ற காலத்தும் தம் அளவையைத் திருத்திக்கொண்டே சென்றவர் அவர். மாணாக்கராகிய நாமும் பிறர் செவிசாய்க்குமுன்பே நம் கடனை அங்ஙனம் ஆற்றக் கற்போமாக.