விர்ஜி வோரா

விர்ஜி வோரா (ஏறத்தாழ 1590 – ஏறத்தாழ 1670) முகலாயப் பேரரசின் முதன்மைத் துறைமுகமாக விளங்கிய சூரத்து நகரைச் சேர்ந்த பெருவணிகர் ஆவார். இவர் சமண சமயத்தவர். தம் காலத்தில் உலகின் மிகப் பெரிய செல்வந்தர்களுள் ஒருவராகக் கருதப்பட்டார்.

வணிகம்

மிளகு, ஏலக்காய், கிராம்பு, பவளம், பாதரசம் முதலியவற்றை இவர் மொத்தமாக வாங்கி விற்றார். ஆக்ரா, புர்கான்பூர், கோல்கொண்டா, கோழிக்கோடு முதலிய இடங்களில் இவருக்கு முகவர்கள் இருந்தனர். செங்கடல், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களுடனும் இவர் வணிகம் செய்தார். ஒரு பொருளின் இருப்பு முழுவதையும் வாங்கி வைத்துப் பின்னர் விலையைத் தாமே வரையறுப்பது இவரது முறையாகும். 1625 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இவரைத் தவிர்த்துத் தக்காணத்தில் நேரடியாக மிளகு வாங்க முயன்றனர். இவரது முகவர்கள் அங்கே கூடுதல் விலை கொடுத்து அம்முயற்சியை முறியடித்தனர்.

கம்பனிகளுக்குக் கடன்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்குத் தேவையான பணம் ஐரோப்பாவிலிருந்து உரிய காலத்தில் வந்து சேர்வதில்லை. இதனால் சூரத்திலிருந்த அதன் அலுவலர்கள் சரக்கு வாங்க இவரிடம் கடன் பெற்றனர். 1630 இல் ஆக்ராவில் 50,000 ரூபாயும், 1636 இல் 2,00,000 ரூபாயும் கடனாகப் பெறப்பட்டன. வட்டி பொதுவாக மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை இருந்தது. ஒல்லாந்தரும் இவரிடம் கடன் பெற்றனர். சூரத்திலிருந்து ஆக்ராவுக்குப் பணம் அனுப்புவதற்கு இவரது உண்டியல்களை ஆங்கிலேயர் பயன்படுத்தினர். இவரும் தம் சரக்குகளை ஆங்கிலேயக் கப்பல்களில் ஏற்றி அனுப்பினார். கம்பனி அலுவலர்களின் சொந்த வணிகத்துக்கும் இவர் பணம் கொடுத்ததைக் கம்பனியின் தலைமை விரும்பவில்லை.

இடர்கள்

இவரது செல்வத்துக்குப் படைப்பாதுகாப்பு ஏதும் இருக்கவில்லை. 1638 இல் சூரத்து ஆளுநர் இவரைச் சிறையில் அடைத்தார். பேரரசர் சாசகான் இவரை விடுவித்ததுடன் ஆளுநரையும் பதவியிலிருந்து நீக்கினார்.

1664 சனவரியில் மராட்டிய மன்னர் சிவாஜி சூரத்தைத் தாக்கியபோது முகலாய ஆளுநர் கோட்டைக்குள் ஒதுங்கிக்கொண்டார். இவரிடம் கடன் பெற்று வந்த ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் தத்தம் பண்டகசாலைகளைக் காத்துக்கொண்டனர். இவரது மாளிகையும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன.

இறுதிக்காலம்

இப்பேரிழப்புக்குப் பின்னரும் இவர் வணிகத்தைத் தொடர்ந்தார். 1666 இல் சூரத்துக்கு வந்த பிரெஞ்சுப் பயணி தெவனோ இவரைப் பெருஞ்செல்வர் எனக் குறித்துள்ளார். 1670 இல் சூரத்து மீண்டும் தாக்கப்பட்டது. அதன் பின்னர் ஆங்கிலேய ஆவணங்களில் இவரைப் பற்றிய குறிப்புகள் இல்லை.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் கடல் வணிகம் இந்திய வணிகர்களின் முதலையும் சார்ந்திருந்தது என்பதற்கு இவரது வாழ்க்கை தெளிவான சான்றாகும்.