லூயி பாஸ்டர்

தாமிரவருணி கடலோடு கலக்கும் புன்னக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காடுகளில், பனையேறுவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியே பாளையிற் கட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். புளித்ததைக் காய்ச்சினாலோ கருப்பட்டி இறுகாது. ஏறிய உழைப்பும் எரித்த விறகும் வீணே. தலைமுறை தலைமுறையாய் வந்த இவ்வழக்கத்தின் உட்காரணம், நம் நாட்டுப் பக்கமே வாராத ஒரு பிரெஞ்சு அறிஞரால் விளங்கிற்று.

லூயி பாஸ்டர் 1822 டிசம்பர் 27 இல், டோல் என்னும் ஊரில், தோல் பதனிடுவார் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். 1842 இல் தேறிய பரீட்சையில் இரசாயனத்தில் அவர் பெற்ற தரம் நடுத்தரமே என்பது நம் மாணவர் சிலருக்கு ஆறுதலாகலாம்!

1854 இல் லீல் நகரத்தில் இரசாயனப் பேராசிரியரானார். 1856 இல் அவருடைய மாணவன் ஒருவனின் தந்தையாகிய பிகோ என்பவர், தம் சாலையில் பீட் கிழங்குச் சாறு சாராயமாகாமல் புளித்துப் பெருநஷ்டம் விளைவதாக முறையிட்டார். பாஸ்டர் நாடோறும் சாலைக்குச் சென்று தொட்டிச் சாற்றைப் பூதக்கண்ணாடியில் நோக்கினார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்கள் காணப்பட்டன. கெட்டதிலோ அவற்றினும் மிகச் சிறிய வேறு உயிர்கள் மொய்த்தன. நொதித்தல் உயிரற்ற பொருளின் சிதைவே என்று லீபிக் முதலிய பேரறிஞர் கூறிவந்த காலம் அது. பாலைப் புளிக்கச் செய்யும் அமிலத்தை உண்டாக்குவதும் ஓர் உயிரே என 1857 இல் பாஸ்டர் வெளியிட்டார். சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும் அவ்வுயிர்களும், கள்ளாக்கும் ஈஸ்டும், சுண்ணாம்பின் காரத்தில் செழிக்கமாட்டா. பனையேறியின் கலயத்திற் கண்டது இதுவேயன்றோ?

அவரிடம் பயின்ற வான் டீகெம், சர்க்கரை ஆலைகளிற் பிசின்போற் படரும் வழுவழுப்புக்குக் காரணமான நுண்ணுயிருக்கு 1878 இல் லியூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் எனப் பெயரிட்டார். வெட்டிய கரும்பின் முனைவழியே புகுந்து இனிப்பைப் பிசினாக்குவதும் அதுவே. கரும்பை வெட்டியவுடன் ஆலைக்குக் கொணர்ந்து பிழிவதும், உருளைகளையும் சாற்றுக் கால்வாய்களையும் கொதிநீராலும் நீராவியாலும் கழுவுவதும் இதனாலேயே. ஒருநாள் தாமதித்தாலும் உழவனும் ஆலையும் இழக்கும் சர்க்கரை திரும்பி வாராது.

பாஸ்டரின் சொந்த வாழ்வோ துயரம் நிறைந்தது. 1859 முதல் 1866 வரை மூன்று பெண்மக்களை இழந்தார். 1868 இல் பக்கவாதத்தால் இடப்புறம் செயலற்றது. எனினும் ஆராய்ச்சியை விட்டாரில்லை. 1885 இல் வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசப் மைஸ்டரைத் தம் தடுப்பூசியாற் காத்தார். 1895 செப்டம்பர் 28 இல் அவர் காலமானார். 1907 இல் நம் குன்னூரில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.