தகுதி இல்லையாம்!

உரிமை கேட்டு ஒடுக்கப்பட்டோர் வரும்போதெல்லாம் கதவுக்குப் போடும் தாழ்ப்பாள், தகுதி! தோழர்களே, அமெரிக்காவிலே அத்தாழ்ப்பாளைத் தகர்த்தவர் டுபாய்ஸ்.

1868இல் பிறந்த கறுப்பர், ஹார்வர்டு பட்டதாரி. விடுதலைபெற்ற அடிமைகளின் கல்விக்கென ஏற்பட்டது ஸ்லேட்டர் நிதி. அதன் தலைவர், முன்னாள் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ். தகுதியுள்ள கறுப்பர் கிடைத்தால் ஐரோப்பாவில் படிக்கப் பணம் உண்டு. கிடைப்பவரோ மேடைப் பேச்சாளரே என்றார் அவர், 1890இல்.

டுபாய்ஸ் விண்ணப்பித்தார். மறுப்பு வந்தது! மண்டியிட்டாரா? இல்லை. கறுப்பர் இனத்திடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவர் ஹேய்சே என்று அவருக்கே எழுதினார். மீண்டும் விண்ணப்பித்தார். 1892இல் கிடைத்தது 750 டாலர். பாதி கொடை, பாதி கடன்!

பெர்லின் சென்றார், படித்தார். அங்கே டாக்டர் பட்டம் பெற மேலும் காலம் வேண்டினார்; நிதியினர் கைவிரித்தனர். 1894இல் வெறுங்கையோடு திரும்பினார். மறு ஆண்டே, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பரானார்! எழுத்தாலும் இயக்கத்தாலும் தம் இனத்துக்கு உழைத்து, 1963இல், 95ஆம் வயதில், கானாவில் மறைந்தார்.

இல்லாதிருந்தது அவரிடம் தகுதியா, கொடுப்போரிடம் மனமா? வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் எழுதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான்: ஒரு மறுப்புக்காகப் பேனாவை மூடிவிடாதீர்கள்!