அத்தியட்சர் அசரியா

அந்நாளைத் திருநெல்வேலி ஜில்லா வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு ஒரு குருவானவரின் புதல்வராய்ப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாய் ஊர்தோறும் சென்ற இவர், 1903-இல் சுதேசப் பொருளையும் சுதேச ஊழியரையுமே கொண்டு நடத்தற்பொருட்டு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். ஆயினும், பிறரை அனுப்பிவிட்டுத் தாம் இங்கிருத்தல் அவருள்ளத்தை உறுத்திற்று. 1909-இல் உத்தியோகம் துறந்து, நிஜாம் இராச்சியத்துத் தோர்ணக்கல் சேர்ந்து, தெலுங்கு கற்று, மாலரும் மாதிகரும் வாழ்ந்த சேரிகளுக்கு மாட்டுவண்டியிற் சென்று ஊழியஞ் செய்தார்.

1910-இல் எடின்பரோ மகாநாட்டில், வெள்ளைக்கார ஊழியர் சுதேசிகளுக்கு உதவி பல செய்தும் அவர்களைச் சமமான நண்பராகக் கொள்வதில்லையென்று முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். கேட்டோரிற் சிலர்க்கு அது கசந்தது. பின் அவர் பெற்ற பதவியினும் இத்துணிவையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

சிலர் எதிர்த்தும், 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். அப்பதவியை அவர் ஆண்ட விதமோ புதுமையானது. எழுத்தறியாக் கூலியாளாயினும், ஞானஸ்நானம் பெற்றவுடன் தன் தலைமீது கைவைத்து, சுவிசேஷத்தைப் பிறர்க்கு அறிவிப்பதாக உறுதி கூறவேண்டும். குருமாருக்கே உரியதென்றிருந்த பொறுப்பு இங்ஙனம் வயலுக்கும் அடுப்படிக்கும் சென்றது. நம் சங்கக் கூட்டங்களில் மேடைநாற்காலிக்கு நாம் படும்பாடு இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.

இந்து, முஸ்லிம் சிற்ப முறைகளும் கலந்தெழுந்த தோர்ணக்கல் பேராலயம் 1939-இல் பிரதிஷ்டையாயிற்று. அசரியா 1945 ஜனவரி 1-ஆம் நாள் காலமானார். அவர் நெடுங்காலம் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம் 1947-இல் கைகூடியபோது அதனைக் காண அவரில்லை.