பேசாத மேதை காவெண்டிஷ்

தென்னாட்டிலிருந்து வந்து இங்கே முதுகலை பௌதிக வகுப்பில் அமர்ந்தபோது என் வாய்க்குப் பூட்டுப் போட்டவர் எவருமில்லை, நானே போட்டுக்கொண்டேன். இந்தி வராது, ஆங்கிலம் தடுமாறும். மின்னூட்டம் பெற்ற அகன்ற தகட்டைவிட்டுச் சற்று விலகினாலும் மின்புலம் ஏன் குறைவதில்லை என்ற ஐயம் நெஞ்சில் உறுத்தியது. கேட்கத் துணிவில்லை. தேர்வில் அதே வினா வந்தது, தவறாக எழுதினேன். அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் ஹென்றி காவெண்டிஷின் வரலாறு என் கைக்குக் கிட்டியது.

1731இல் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறினார். பெருஞ்செல்வர், ஆயினும் கூச்சமே உருவானவர். உணவுக்கு வேண்டியதைக்கூடச் சீட்டில் எழுதி வைப்பாராம். 1766இல் ஹைட்ரஜனின் இயல்பை விளக்கினார்; 1798இல் பூமியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 5.48 மடங்கு என அளந்தார்.

அவருடைய மின் சோதனையோ எளிமையின் சிகரம். ஓர் உருண்டையைச் சுற்றி இரு அரைக்கோளங்களை மூடினார். உள்ளுருண்டையையும் வெளிக்கூட்டையும் கம்பியால் இணைத்து மின்னூட்டம் தந்தார். பின் கம்பியை நீக்கி, கூட்டைத் திறந்து சோதித்தார். உள்ளுருண்டையில் மின்னூட்டமே தென்படவில்லை!

காரணம் என்ன? கூட்டினுள் ஒரு புள்ளியைக் கருதுவோம். ஒருபுறச் சுவர் அருகே, எதிர்ச்சுவர் தொலைவில். அதே கோணத்தில் நோக்கினால், தொலைவுச் சுவரில் அடங்கும் பரப்பு தூரத்தின் இருபடிக்கேற்பப் பெருகுகிறது. விசையும் அதே இருபடிக்கேற்பக் குறைந்தால்தான் இரண்டும் ஈடாகி உள்ளே புலமின்றிப் போகும். ஆகவே விதியின் படி இரண்டே. பிழையிருந்தாலும் 1/50க்கு மேற்படாது என அவர் கணித்தார்.

இந்த ஒரு விதியைக் கூட்டிப் பார்த்தால் எல்லா வடிவமும் விளங்கும். தூரம் இரட்டித்தால், உருண்டையின் மையத்திலிருந்து அளக்கும்போது அதன் வெளிப்புலம் கால்பங்காகும். நீண்ட கம்பியின் புலம் பாதியாகும். அகன்ற தகட்டின் அருகே மாறாது. தகட்டில், விலக விலக ஒவ்வொரு துண்டின் விசையும் தளர்கிறது. ஆனால் சுற்றியுள்ள துண்டுகளின் விசைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று அழிப்பது குறைந்து, நேராகச் சேர்கின்றன. என் ஐயம் அகன்றது!

ஆனால் காவெண்டிஷ் இந்தச் சோதனையை 1772–73 அளவிலேயே முடித்தும் வெளியிடவில்லை. 1785இல் கூலும் தம் முறுக்குத் தராசால் அதே விதியை நிறுவினார். விதி அவர் பெயரைப் பெற்றது. 1810இல் காவெண்டிஷ் மறைந்தார். அவர் குறிப்புகளை மாக்ஸ்வெல் அச்சேற்றியது 1879இல்.

மேதையின் மௌனத்தையே உலகம் நூறாண்டு பொறுத்திருந்து கேட்டது. நம்முடைய மௌனத்துக்கு எந்த மாக்ஸ்வெல் வருவார்? நண்பர்களே, மறுநாள் வகுப்பில் நான் எழுந்து நின்றேன். என் ஆங்கிலம் தடுமாறியது, யாரும் சிரிக்கவில்லை.