தூண்டில் பிடித்த ஜவுளிக்கடைக்காரர் ஐசக் வால்டன்

தூண்டில் போட்டு மீன் பிடிப்பது எப்படி என்று இங்கிலாந்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் 1653-இல் ஒரு புத்தகம் எழுதினார். விலை ஒன்றரை ஷில்லிங். அன்று முதல் இன்று வரை அது நூற்றுக்கணக்கான பதிப்புகளைக் கண்டுவிட்டது. தூண்டிலைக் கையால் தொட்டறியாதவர்கள்கூட அதை வாங்கிப் படிக்கிறார்கள். எழுதியவர் பெயர் ஐசக் வால்டன்.

அக்காள் வீட்டுக்கு வந்தவர்

வால்டன் 1593-இல் ஸ்டாஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பீர்க்கடை நடத்தி வந்தவர். மகனுக்கு நான்கு வயது நிறையும் முன்பே அவர் காலமாகிவிட்டார். தாய் மறுமணம் செய்து கொண்டார். வால்டன் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. பிழைப்புத் தேடி இளம் வயதிலேயே லண்டனுக்கு வந்தார். அங்கே அக்காள் கணவர் துணி வியாபாரம் செய்து வந்தார். அவரிடமே தொழில் கற்றுக்கொண்டார். அக்காள் வீட்டை நம்பி மும்பைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறியவர்களுக்கு இது புதுக்கதை அல்ல.

லண்டனில் கடை வைக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு வணிகர் சங்கத்தில் சேர்ந்தாக வேண்டும். துணி விற்ற வால்டன் 1618-இல் சேர்ந்தது இரும்பு வியாபாரிகள் சங்கத்தில்! அவருடைய திருமண உரிமச் சீட்டிலும் இரும்பு வியாபாரி என்றே எழுதப்பட்டிருக்கிறது.

1626-இல் ரேச்சல் என்ற பெண்ணை மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தன. ஏழும் சிறு வயதிலேயே இறந்தன. 1640-இல் மனைவியும் போய்விட்டார். அதே ஆண்டில்தான், தம் பகுதி மாதா கோவிலில் பாதிரியாராக இருந்த கவிஞர் ஜான் டன்னின் வாழ்க்கை வரலாற்றை வால்டன் வெளியிட்டார். அவருடைய முதல் நூல் அது. 1647-இல் இரண்டாவது திருமணம் நடந்தது. அந்தத் திருமணத்தில் பிறந்த ஒரு மகளும் ஒரு மகனும் தங்கினார்கள்.

அரசரின் நகை

நாட்டில் அப்போது உள்நாட்டுப் போர். 1649-இல் அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். வால்டன் அரசர் கட்சி. 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற இளவரசர், பின்னாளில் இரண்டாம் சார்லஸ் ஆனவர், தலைமறைவாக ஓடினார். அவருடைய பதக்கம் ஒன்று கை மாறி, கை மாறி வால்டனிடம் வந்தது. பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. ஐம்பத்தெட்டு வயதான அந்தக் கடைக்காரர் அதை லண்டனுக்குக் கொண்டுபோய், சிறையில் இருந்த அரசர் கட்சித் தளபதி ஒருவரிடம் சேர்த்துவிட்டார். தளபதி சிறையிலிருந்து தப்பி, அதை உரியவரிடம் ஒப்படைத்தார்.

இது நடந்து இரண்டே ஆண்டில் வந்ததுதான் மீன் புத்தகம். லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றங்கரையில் நடந்துகொண்டே தூண்டில்காரர் ஒருவர் வழிப்போக்கருக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார். நாட்டில் நடந்த ரத்தக்களரியின் வாடையே அதில் இல்லை.

தெரியாததைத் தெரியாது என்றவர்

டிரவுட் என்ற மீனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீரில் மட்டுமே அது வாழும். நம் நீலகிரிக்கு அது பூர்வீகம் அல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் அவலாஞ்சியில் இதற்கென்று குஞ்சு பொரிக்கும் பண்ணையும் வைத்தார்கள்.

மலை ஆற்றில் அடிக்கூழாங்கல் வரை தெரியும். கரையில் நிற்கும் ஆளின் நிழலைப் பார்த்தாலே டிரவுட் ஓடிவிடும். அதற்குப் பிரியமான தீனி, தண்ணீர் மேல் மிதந்து வரும் ஈக்கள். ஆகவே இறகு, மிருக முடி, பட்டு நூல் இவற்றைச் சிறு முள்ளில் சுற்றி, ஈ போலவே செய்து, தூரத்திலிருந்து வீசுவார்கள். பொய் ஈ என்று மீனுக்குத் தெரிந்துவிட்டால் அன்றைய பொழுது வீண்.

மண்புழு, சிறுமீன், தவளை ஆகியவற்றை முள்ளில் கோத்துப் பிடிப்பதில் வால்டன் கெட்டிக்காரர். ஈ விஷயத்தில் அவ்வளவு இல்லை. முதல் பதிப்பில், தாமஸ் பார்க்கர் என்ற சமையற்காரர் சொன்னதை வைத்து ஈ பற்றி எழுதினார். அவர் சொன்னது என்று பெயரையும் போட்டார்.

புத்தகம் நன்றாக விற்றது. நான்கு பதிப்புகள் ஆயின. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 1676-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, எண்பத்திரண்டு வயதில், தம்மைவிட முப்பத்தாறு வயது இளையவரான சார்லஸ் காட்டனைக் கொண்டு ஈத் தூண்டில் பற்றித் தனிப் பாகமே எழுத வைத்தார். காட்டன் டவ் என்ற மலை ஆற்றின் கரையில் வாழ்ந்த நிலச்சுவான்தார். கவிஞர். கடன் தொல்லையில் கிடந்தவர். பத்தே நாளில் எழுதிக் கொடுத்தார்.

அதைப் படித்தால் தொழில் தெரிந்தவர் கை என்று உடனே தெரிகிறது. எந்த மாதத்தில் எந்த ஈ ஆற்றில் பறக்கும், அதைக் கரடி முடியில் செய்வதா, பன்றி முடியில் செய்வதா, ஒட்டக முடியில் செய்வதா என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கோல் 15 முதல் 18 அடி. கயிறு குதிரை முடி. ஈ கட்டும் இடத்தில் இரண்டே இரண்டு முடி. கயிறு மெல்லியதாக இருக்க வேண்டும், ஆள் தள்ளி நிற்க வேண்டும் என்பது அவர் பாடம். இன்றும் மலை ஆற்றில் அதுவே முறை.

டவ் ஆற்றங்கரையில் 1674-இல் காட்டன் கட்டிய சிறிய கல் வீடு இன்றும் நிற்கிறது. இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் பின்னிப் பிணைத்து அதன் வாசலில் செதுக்கி வைத்தார்.

வால்டனிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. உயிருள்ள தவளையை முள்ளில் கோக்க அவர் சொல்லித் தருவதைப் படித்தால் வயிற்றைக் குமட்டும். கவிஞர் பைரன் இதற்காக அவரைக் கொடுமைக்காரர் என்று திட்டித் தீர்த்தார். அதில் நியாயம் உண்டு.

நிலக்கரி

கடைசிக் காலத்தை மகள் வீட்டில், வின்செஸ்டர் நகரில் கழித்தார். ஊற்றுநீரால் ஓடும் இட்சன் ஆறு அங்கே இருக்கிறது. அதுவும் டிரவுட்டுக்குப் பேர்போனது. 1683 டிசம்பர் 15-ஆம் தேதி, தொண்ணூறு வயதில் காலமானார். அவர் அடக்கமான பேராலயத்தில், இங்கிலாந்து, அமெரிக்கத் தூண்டில்காரர்கள் பணம் போட்டு 1914-இல் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று வைத்தார்கள்.

சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் தம் கையாலேயே உயில் எழுதினார். பிறந்த ஊர் அருகே ஒரு பண்ணை வாங்கியிருந்தார். மகன் மணம் செய்துகொள்ளாவிட்டால் பண்ணை ஸ்டாஃபோர்டு ஊருக்குச் சேர வேண்டும். அந்த வருமானத்தில் ஆண்டுதோறும் இரண்டு பையன்களைத் தொழிலில் சேர்க்க வேண்டும். ஒழுங்காக வேலை பார்த்த ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குக் கல்யாணப் பணம் கொடுக்க வேண்டும். மீதிக்கு ஏழைகளுக்கு நிலக்கரி. அதை எப்போது கொடுப்பது என்றும் குறித்தார். ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில். ஏழைக்கு ஆண்டிலேயே கஷ்டமான நாட்கள் அவைதான் என்பது அவர் கணக்கு.

மகன் பாதிரியாரானார். மணம் செய்துகொள்ளவில்லை. பண்ணை ஊருக்குப் போயிற்று.